அக்காவின் வேலியும் என் காலடி மண்ணும்

செட்டிபாளையத்தில் எங்கள் வளவை அம்மா இரண்டாகப் பிரித்தபோது றோட்டுப் பக்கம் அக்காவுக்குப் போனது, வாவிப் பக்கம் எனக்கு வந்தது. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். மூத்தவளுக்கு முன்பாதி, இளையவளுக்குப் பின்பாதி என்பதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. நான் சொன்னேன். அவளுடைய கிணற்றில் நல்ல தண்ணீர், என்னுடையதில் உவர். அவளுக்கு விழுந்த தென்னைகள் குலை குலையாகக் காய்த்தன. எனக்கு விழுந்தவை வாவிக் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டு சும்மா நின்றன. ஆளுக்கொரு பசு என்று அம்மா கொடுத்ததிலும் அதே கதைதான். என்னுடையது பட்டியோடு வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு மேயப் போய் வெள்ளத்தில் அள்ளுப்பட்டுப் போனது. அவளுடையது அவள் வாசலில் நின்று, வருடம் தவறாமல் கன்று போட்டு, ஊரெல்லாம் பேசும்படி பால் கறந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுதி என்ன பயன்? மறைக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திராது.

இன்னொரு கொடுமையும் உண்டு. நான் வேலை பார்ப்பது பால் சேகரிக்கும் இடத்தில். விடியற்காலையில் ஊர்ப் பாலெல்லாம் என் கையால்தான் அளக்கப்பட வேண்டும். அக்கா தன் பால் கானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி நிற்பாள். அவள் பாலில் இன்றைக்காவது கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டுமென்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே பால்மானியை இறக்குவேன். அது ஒருநாளும் எனக்காக இரங்கியதில்லை. “என்னகா, சரியா இரிக்கா?” என்று அவள் கேட்பாள். “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கானை இழுப்பேன்.

கடைசியில் என் எரிச்சல் முழுவதும் அவளுடைய வேலியில் போய் நின்றது. அக்கா எங்கள் இருவருக்கும் நடுவேலியாக இப்பில் இப்பில் என்கிற மரங்களை நட்டிருந்தாள். புளியிலை போலச் சின்னச் சின்ன இலை, பஞ்சுருண்டை மாதிரி வெள்ளைப் பூ, தட்டையாகச் சடசடக்கும் காய். வாவிக்கு இப்பாலுள்ள எங்கள் எழுவான்கரை மணலில் எது முளைக்காவிட்டாலும் அது முளைக்கும். மாரி தொடங்கி, வாவிக்கு அப்பால் வயல் வட்டைகளில் நெல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. வயலுக்குள் மாடு இறங்கினால் சண்டை. அந்த மாதங்களில் வீட்டோடு மாடு வைத்திருக்கிறவர்கள் புல்லுக்கு நாயாய் அலைவார்கள். அக்கா மட்டும் அலையவில்லை. நீளக் கயிறு போட்டுப் பசுவை வேலியோரமாகக் கட்டிவிடுவாள். அது எட்டிய மட்டும் தின்னும். எட்டாததை அவள் கொக்கைத்தடியால் இழுத்து வெட்டிப் போடுவாள். வெட்ட வெட்ட அந்த மரம் கொழுந்து தள்ளும்.

எனக்கு இரண்டு ஆடுகள் இருந்தன. “அக்கா, ஆட்டுக்கு ரெண்டு கொப்பு தாவன்” என்று ஒருநாள் கேட்டேன். தந்தாள். ஆனால் தரும்போது, “உன்ட பக்கத்திலயும் நாலு கொட்டையப் போட்டிருக்கலாந்தானே” என்றாள். அவ்வளவுதான். அந்த வாரமே பால் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே, “அக்காட வேலியப் பாத்தா எனக்கு வயிறு பத்துதுகா” என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அவளுடைய பசு அப்போது சினையாக இருந்தது. பால் குறைந்துகொண்டு வந்தது. மாரி நடுவில் அதன் வால்மயிர் கொட்டத் தொடங்கியதை முதலில் கண்டவள் நான்தான். நல்லதைக் காணாத கண்ணுக்குக் குறை உடனே தெரியும் அல்லவா. வால்நுனி தேய்ந்த விளக்குமாறு போல ஆகியிருந்தது. வாயிலிருந்து வீணீர் வடிந்தது. “அக்கா, உன்ட மாட்டுக்கு ஒரு சவரி வாங்கிக் கட்டு” என்று வேலிக்கு மேலால் சொல்லிச் சிரித்தேன். அவள் அந்த முறை சிரிக்கவில்லை. கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வந்து பசுவின் கழுத்தில் போட்டாள்.

கன்று ஏழாம் மாதத்தில் விழுந்தது.

காலையில் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். “ஐயோ, என்ட கண்டு!” என்று அக்காவின் குரல் கேட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். நடுவேலியில் நாங்கள் இருவரும் புழங்க ஒரு கடப்பு இருந்தது, அதற்குள்ளால்தான் போனேன். ஈர மணலில் கன்று கிடந்தது. மயிர் சரியாக முளைக்காத, கண் திறக்காத கன்று. பசு அதை நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது. அந்த நேரத்தில் என் மனதில் பொறாமை என்று ஒரு துளியும் இல்லை. கும்பிடுகிற தெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். தண்ணீர் கொண்டுவரவா என்று அக்காவின் தோளைத் தொட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“போகா, போ. நீ பாத்தது போதும்.”

துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

பின்னேரம் குசினி வாசலில் நின்றபோது அவளைக் கடப்படியில் கண்டேன். குனிந்து மணலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் முழுக்கக் காலடிகள். கன்றைப் புதைக்க வந்தவர்களுடையவை, பக்கத்து வீட்டாருடையவை. அவள் ஒன்றைத் தேர்ந்து, இடக்கையால் ஒரு பிடி மண் அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். அவள் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். குதிகால் இருந்த இடம் குழியாகிக் கிடந்தது, விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. என் வலது காலில் சின்னவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடக்கும். பிறந்ததிலிருந்து அப்படி. ஒரே பாயில் கிடந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

கண்ணூறு பட்டால் கண் வைத்தவரின் காலடி மண்ணை எடுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் நெடித்தால் கண்ணூறு இல்லை. நெடிக்காவிட்டால் கண்ணேதான். நான் என் வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு இருமல், ஒரு தும்மலாவது வராதா என்று நின்றேன். காற்று வாவிப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது; நெடி இருந்திருந்தாலும் றோட்டுப் பக்கம் போயிருக்கும். ஆனால் அக்கா காற்றுக்குச் சொல்வதுபோல் உரத்துச் சொன்னது நன்றாகக் கேட்டது.

“பாத்தியளா, ஒரு நெடியும் இல்ல. கல்லடி பட்டாலும் கண்ணடி படப்படா எண்டு சும்மாவா சொன்னாங்க!”

உள்ளே போய் அழுதேன். ஒரு பிடி மண்தான். ஆனால் என் உடம்பிலிருந்து பிய்த்து எடுத்தது போல் வலித்தது. அதைவிட மோசமானது பயம். எரிந்தது உண்மைதானே. வயிறு பத்துது என்று நானே ஊரறியச் சொன்னேனே. ஒருவேளை என் கண்ணுக்கு உண்மையிலேயே அந்த வலு இருக்கிறதோ என்று என் பிள்ளைகளின் முகத்தைக்கூட நேரே பார்க்காமல் இருந்தேன்.

என் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். எதையும் பகிடியாக்குவது அவர் வழக்கம். “உன்ட கண்ணுக்கு அப்பிடிச் சக்தி இருந்தா இந்த வாவி எப்பவோ வத்தியிருக்கும் புள்ள. காலையில எழும்பினா அதத்தானே முழுசிக்கிட்டு நிக்காய்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கடப்பை அடைத்தாள். அடைத்த இடத்திலும் இப்பில் இப்பில் கன்றுகளையே நெருக்கி நட்டாள். பால் கொண்டுவருவதும் நின்றது. கறக்க என்ன இருந்தது? காலையில் வரிசையில் அவள் நிற்கும் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். யாருடைய பாலிலும் தண்ணீர் இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை வரவில்லை. பொறாமைப்பட ஆளில்லாமல் போவது இப்படி ஒரு வெறுமை என்று அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

சினை ஊசி போட்டு அடுத்த மாரிக்குள் பசு மறுபடியும் சினையானது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த விதத்திலேயே தெரிந்துகொண்டேன். பசுவை முன்வாசலில் கட்டுவதை அக்கா நிறுத்திவிட்டாள். றோட்டால் போகிறவர்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் படாமல் இருக்க, வேலியின் மறைவில், மரங்கள் அடர்ந்த மூலையில் கட்டினாள். வேலியை வெட்டவும் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் வளரவிட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இலைகளுக்குப் பின்னால் சவக் சவக்கென்று கேட்கும் மெல்லுகிற சத்தம்தான். என் கண்ணை மறைக்கவென்று வளர்த்த வேலியைப் பசு காலையிலிருந்து பொழுதுபடும்வரை தின்றுகொண்டிருந்தது.

ஒருநாள் பால் எடுக்கும் இடத்துக்கு மாட்டு டொக்டர் வந்திருந்தார். ஆரையம்பதிப் பக்கத்து ஆள் ஒருவர் தன் பசுவின் வால்மயிர் உதிர்வதாக அவரிடம் முறையிட்டார்.

“இப்பில் இப்பில் குடுக்கிறீங்களா?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம் சேர், அது மட்டுந்தான் இப்ப.”

“அதுதான் பிழை. வைக்கல், புல்லோட கொஞ்சம் கலந்து குடுத்தா நல்ல தீன். அதையே முழுக்கக் குடுத்தா நஞ்சு. மயிர் கொட்டும், வீணீர் வடியும். சினை மாடெண்டா கண்டு தங்காமலும் போகும்.”

பால்மானியை வைத்துவிட்டு அவர் பக்கம் போனேன். “ஏழாம் மாசத்திலயும் விழுமா சேர்?” என்று கேட்டேன்.

“விழலாம். வேற நோயும் காரணமா இரிக்கலாம், சோதிக்காமச் சொல்லேலா. ஆனா வாலும் கொட்டியிருந்தா நான் முதல்ல மரத்தத்தான் சந்தேகப்படுவன்.”

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அக்காவின் மாட்டைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. நான் இல்லை, மரம்! என் கண் இல்லை, வேலி! வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தேன். ஒரு வருடமாக வாய் திறக்காத அக்காவை வேலிக்கு இப்பால் நின்று கூப்பிட்டேன். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். மாட்டை அந்த மூலையிலிருந்து அவிழ்க்கச் சொன்னேன், வேலியை வெட்டிவிடச் சொன்னேன்.

 இலைகளுக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது.

“முந்தி வேலியப் பாத்து வயிறெரிஞ்சாய். இப்ப வேலியையே வெட்டட்டாம். மறுகா என்னகா, வீட்டையும் இடிக்கச் சொல்லுவாயா?”

 நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சொல்வது உண்மையாக இருந்தாலும் சொல்கிற வாய் என்னுடையதாகப் போய்விட்டது.

டொக்டரைக் கெஞ்சி, அந்த வழியாகப் போகும்போது ஒரு எட்டு இறங்கச் சொன்னேன். நல்ல மனிதர், இறங்கினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அவர் மோட்டார் சைக்கிள் மறைந்ததும் கொப்பொன்றை வளைத்துப் பசுவுக்குக் கொடுத்துக்கொண்டே, “ஆள்வச்சும் சொல்லிப் பாக்காள்” என்றாள். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொன்னாள்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வேலியின் இடுக்கில் ஒருநாள் வால் தெரிந்தது. நுனியில் மயிர் மெலிந்திருந்தது.  இந்தக் கன்றும் போனால் அக்கா இன்னொரு பிடி மண் எடுப்பாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. அத்தான் வேலைக்காகக் கட்டாரில். பிள்ளைகளோடு தனியே கிடக்கிறவளுக்கு அந்தப் பசுதான் துணை, வருமானம், பெருமை எல்லாம். அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் நான் எரிந்தேன். அது இல்லாத அக்காவை ஒரு வருடம் பார்த்துவிட்டேன். இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிவரப் போவாள். அன்றைக்கு அவள் படலையைச் சாத்திய சத்தம் கேட்டதும் கொக்கைத்தடியையும் கத்தியையும் எடுத்தேன். வேலியை என் பக்கத்திலிருந்தே இழுத்து இழுத்து வெட்டினேன். உச்சிக் கொப்பு, பக்கக் கொப்பு, அவள் கடப்பை அடைத்து நட்ட புதுக்கன்றுகள் எல்லாம். வெட்டியதை என் ஆடுகளுக்கும் போடவில்லை. கத்தரிப் பாத்திக்குத் தழைப் பசளையாகப் புதைத்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு கொப்பு விழும்போதும் எனக்கு அவ்வளவு இனித்தது. கன்றைக் காப்பாற்றுகிற இனிப்பா, அக்காவின் வேலி அழிகிற இனிப்பா? இரண்டும் ஒரே கத்தியில்தான் இருந்தன.

அக்கா வந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. “கள்ளி! எரிச்சல் புடிச்ச மூதேவி!” என்பவைதான் அவற்றில் எழுதத் தக்கவை. நானும் சும்மா நிற்கவில்லை. “என்ட பக்கம் வந்த கொப்ப வெட்டினன், உனக்கென்ன?” என்று திருப்பிக் கொடுத்தேன். அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தது. என் மனம் உள்ளூரக் குளிர்ந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அக்கா என்னோடு நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தாள்.

மரம் துளிர்க்கத் துளிர்க்க வெட்டினேன். அவள் ஏச ஏச வெட்டினேன். தின்னக் கொடுக்க இலையில்லாமல் அக்கா படுவான்கரையிலிருந்து வைக்கோலும் வரம்புப் புல்லும் எடுப்பிக்க வேண்டி வந்தது. ஏற்றிக்கொண்டு வந்தது என் புருஷனின் ஆட்டோதான். ஒவ்வொரு கட்டு இறக்கும்போதும் என்னைத் திட்டினாள். அவரும் “ஓம் மச்சாள், அவள் அப்பிடித்தான்” என்று தலையாட்டிவிட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மாரி முடிந்து வெயில் ஏறிய ஒரு காலையில் பசு கன்று போட்டது. என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் நான் வெட்டிய வேலியில் இலை ஏது? மொட்டைத் தடிகளுக்கு இடையால் எல்லாம் தெரிந்தது. சிவலை நாகு, பெண் கன்று, நெற்றியில் வெள்ளை. தடுமாறி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று அழுதாள். நான் இப்பால் நின்று அழுதேன்.

பின்னேரம் கடும்பு வந்தது. கன்று போட்ட பசுவின் முதல் பாலைச் சீனி போட்டுக் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். ஒரு வீட்டை விட்டாலும் அந்த வீட்டின் கண் படும். அக்கா அதை முதலில் கொண்டுவந்தது என் வீட்டுக்குத்தான். கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “சாப்பிடு. சாப்பிட்டுப் போட்டு வாயால ஒண்டும் சொல்லிராத” என்றாள்.

“நல்ல கண்டுகா” என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். கடும்பும் நன்றாக இருந்தது. வைக்கோல்தான் கன்றைக் காத்ததா, கோயில் நூல் காத்ததா, டொக்டர் சொன்னபடி வேறு ஏதாவதா, எனக்கென்ன தெரியும்? அக்காவைக் கேட்டால், போன வருடம் எடுத்த காலடி மண் இந்த வருடம் வேலை செய்தது என்பாள்.

அடுத்த நாள் காலை வேலை முடிந்து வரும்போது அவள் வாசலில் கன்று நின்றது. வெயில் அதன் முதுகில் பளபளத்தது. இன்னும் இரண்டு வருடத்தில் இதுவும் கன்று போடும், இரண்டு மாட்டுப் பால் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. என் வளவில் ஒரு மாடும் இல்லை. வயிற்றுக்குள் அந்தப் பழைய நெருப்பு சுருக்கென்று பற்றியது. கன்றைக் காப்பாற்றியவளும் நான்தான், எரிகிறவளும் நான்தான். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நாலு அடி போன பிறகு நின்றேன். திரும்பிப் பார்த்தால் படலையடியில் அக்கா காத்துக்கொண்டு நிற்கிறாள், நான் போகட்டும் என்று. பாதை அவ்விடத்தில் இறுகிய தரை, காலடி பதியாது. படலைக்கு நேரே கொஞ்சம் பூமணல் கிடந்தது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை அந்த மணலில் ஆழமாக அழுத்தி எடுத்தேன். சின்னவிரல்கூடத் தெளிவாக விழுந்தது.

“எடு அக்கா, நல்லா ரெண்டு பிடி எடு” என்றேன்.